காட்டுக்குப் போக வேண்டாம், புளியந்தோப்புக்கு வாருங்கள்

பெரம்பூருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்கள் வீட்டில் கோழியும் ஆட்டுக்கறியும் தவிர வேறெதுவும் சமைத்ததில்லை. வித்தியாசமான இறைச்சிகளைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. வடசென்னையில் எதிலிருந்து தொடங்கலாம்? மான், உடும்பு, காட்டுமுயல்கூட ரகசியமாகக் கிடைக்கும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது மட்டும் குற்றம் இல்லை, அந்தக் கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். உடும்பு அதில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மயிலும் கடலாமையும் அதே அட்டவணைதான்.

சட்டத்தை விடுங்கள். அந்தக் கறி எப்படிச் செத்தது என்று யாருக்குத் தெரியும்? சுருக்கில் மாட்டி ஒரு நாள் கிடந்ததா, விஷம் வைத்ததா, நோயில் விழுந்ததா? எந்த மருத்துவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். அது மான்தானா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் கொழுந்தனார் மான் கறி என்று ஒரு பொட்டலத்தை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்தார். அன்றைக்கு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு துண்டை எடுத்து நாரை விரலால் பிரித்தார், கொழுப்பை மோந்து பார்த்தார், "கிழட்டு வெள்ளாடும்மா" என்று திருப்பி வைத்துவிட்டார். மூன்று மணி நேரம் வேகவைத்தும் அது மெல்ல வரவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில், அதாவது அறுப்புக்கூடத்தில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அம்மா பட்டாளம் பகுதியில் சாயங்காலம் போட்டியும் (குடல் கறி) ரத்தப் பொரியலும் போட்டு விற்றார். நான் இப்போது வீட்டிலிருந்தே சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வித்தியாசமான இறைச்சி என்றதும் நீங்கள் வேறு மிருகத்தைத் தேடுகிறீர்கள். ஆனால் ஒரு ஆட்டையே நீங்கள் இன்னும் முழுசாகச் சாப்பிடவில்லை. தொடைக்கறியும் நெஞ்செலும்பும் வாங்கி வந்திருப்பீர்கள், அவ்வளவுதான். மீதி ஆடு எங்கே போகிறது? எங்கள் தெருவுக்கு வருகிறது. கடைக்காரர்கள் அதை ஸ்பேர் பார்ட்ஸ் என்பார்கள். அதிலிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும்.

முதல் வாரம் சுவரொட்டி. மண்ணீரலைத்தான் இப்படிச் சொல்கிறோம். சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். உள்ளங்கை அளவுக்குக் கருஞ்சிவப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் எடை போட மாட்டார்கள், எண்ணிக்கைதான். வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இதைத் தேடி வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை, ஈரலைவிடவும் இதில் இரும்புச்சத்து அதிகம். தோசைக்கல்லில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்து இரண்டு பக்கமும் நிதானமாகச் சுடுங்கள். நடுவில் சிவப்பு இல்லாமல் வெந்ததும் உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும், வேறு மசாலா வேண்டாம். புதியவர்களுக்கு இது ஏன் நல்ல ஆரம்பம் என்றால் வாடை கிடையாது, சுத்தம் செய்யும் வேலை கிடையாது, பத்து நிமிஷத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

மூளை, ஈரல், கிட்னி இதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். ஈரலை அதிக நேரம் அடுப்பில் விடாதீர்கள், செங்கல்லாகிவிடும். வெந்ததும் இறக்குங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள்.

போட்டியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் போட்டி என்றால் குடலும் வயிறும் சேர்ந்தது. அசை போடும் பிராணிக்கு வயிறு நான்கு அறை. ஒன்று குளிக்கும் துண்டு மாதிரிப் பூம்பூவாக இருக்கும், ஒன்று தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக, ஒன்று புத்தக ஏடு மாதிரி மடிப்பு மடிப்பாக. நல்ல போட்டிக் கறியில் இந்த மூன்றும் சின்னக் குடலும் கலந்து இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு பதம். அதை விரும்புகிறவர்கள் ஆசைப்படுவதே அந்தப் பதத்துக்குத்தான். பிடிக்காமல் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேர் சரியாகக் கழுவாத போட்டியைச் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள்.

அம்மா கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு ஓடும் தண்ணீரில் அலசுவார். பிறகு வெந்நீர். கொதிக்கிற தண்ணீராக இருக்கக் கூடாது, கையை விட்டால் சுரீரென்று இழுக்கத் தோன்றும் சூடு போதும். கொதிநீரில் போட்டால் மேல் கருந்தோல் இறுகி அப்படியே பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தக் கத்திக்கும் வராது. வெந்நீரில் முக்கி எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பைத் தேய்த்து, கத்தியின் முதுகால் சுரண்டுவார். கருப்பு உரிந்து உள்ளே பால் வெள்ளையாக வரும். சின்னக் குடலை ஒரு மெல்லிய குச்சியில் கோத்து, காலுறையைத் திருப்புவது போல் உட்புறம் வெளியே வரத் திருப்புவார். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளிந்து வரும் வரைக்கும் கழுவுவார். ஐந்து தண்ணீராவது ஆகும். பிறகு இஞ்சியும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். சமையல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கடலைப்பருப்பு சேர்த்துக் கூட்டாக வைத்தால் ஒரு ருசி, மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டுச் சுண்ட வறுத்தால் இன்னொரு ருசி. குக்கரில் ஆறு விசில் வைக்கலாம்.

இப்போது கடையிலேயே சுத்தம் செய்து வெள்ளையாக வைத்திருக்கிறார்கள். வாங்கலாம், ஆனாலும் வீட்டில் இன்னொரு முறை கழுவுங்கள். கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கையால் சுரண்டிய போட்டியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒரு பழுப்புத் திட்டு இருக்கத்தான் செய்யும்.

ரத்தம் வேண்டுமென்றால் எல்லாக் கடையிலும் கேட்காதீர்கள். இஸ்லாமியர் கடைகளில் அது மார்க்கத்தில் விலக்கு, விற்க மாட்டார்கள். கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். மற்ற கடைகளில் காலையிலேயே பாத்திரம் கொடுத்துவைத்தால் பிடித்துத் தருவார்கள். உறைந்ததை மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவலோடு பொரிக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்ததை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

தலைக்கறிக்கு நான் சொல்வதைவிட ஆடி மாதம் நல்ல வழிகாட்டி. கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடி, ஓட்டேரி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் கூழோடு கருவாட்டுக் குழம்பு, பல வீடுகளில் தலைக்கறி. பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். முதலில் கன்னத்துக் கறி. பிறகு நாக்கு, மேல்தோல் உரித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோலை உரிக்காமல் சமைத்தால் சொரசொரவென்று இருக்கும்.

சரி, ஆட்டை முடித்தாயிற்று. அடுத்தது மாட்டுக்கறி. உங்கள் வீட்டில் வழக்கம் இல்லை என்று நினைக்கிறேன். சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். உங்களுக்கு வித்தியாசமாகத் தெரிவது புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பல வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அதைச் சாப்பிடுகிறார்கள் என்பதற்காகவே வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் தள்ளுவண்டி முன்னால் நின்று மூக்கைப் பிடிப்பது, சாகசம் செய்தது போலப் படம் எடுத்துப் போடுவது இதெல்லாம் வேண்டாம். ஒரு தட்டு வாங்குங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் பொதுவாக அறுக்கலாம். பசுவை அறுக்க 1976 முதல் தடை. ஆகவே இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயதான எருதும் எருமையும்தான். கறி கெட்டியாக இருப்பதும் அதிக நேரம் வேகக் கேட்பதும் அதனால்தான். சாயங்காலக் கடைகளில் முதலில் நன்றாக வேகவைத்து எடுத்துவைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கும்போது கல்லில் போட்டு வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையோடு வறுத்துக் கொடுப்பார்கள். முதல் முறைக்கு அந்தச் சுக்காதான் சரி. வீட்டில் சமைப்பதாக இருந்தால் வால் வாங்கி சூப் வையுங்கள். அவசரம் இல்லாத நாளாகப் பார்த்து, சின்ன அடுப்பில் மூன்று நான்கு மணி நேரம். கரண்டியில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், அதுதான் பதம்.

பெரம்பூரில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ரயில்வேயை ஒட்டித் தலைமுறைகளாக வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உங்கள் பகுதியில் நிறைய. இப்போது பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேஜையில் உப்பு நாக்கு இருக்கும், சால்ட் டங் என்பார்கள். நான் சமையல் ஆர்டர் எடுக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு ஆன்ட்டி பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முழு மாட்டு நாக்கை முள்கரண்டியால் எல்லாப் பக்கமும் குத்தி, உப்பு, எலுமிச்சைச்சாறு, துளி வெடியுப்பு தேய்த்துப் பீங்கான் பாத்திரத்தில் வைத்து, தினமும் புரட்டிப் போட வேண்டும். ஒரு வாரம் போல ஆகும். பிறகு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே தோலை உரித்துவிட வேண்டும், ஆறினால் வராது. ஆறிய பிறகு தாள் மாதிரி மெல்லியதாக நறுக்கி ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிடுவது. இளஞ்சிவப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். என் கணக்கில் இந்த ஊரிலேயே மிக அருமையான இறைச்சிப் பண்டம் அது. ஆனால் வெடியுப்பின் அளவு தெரியாமல் நீங்களாக வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், கூடினால் ஆபத்து. செய்யத் தெரிந்த வீட்டில் டிசம்பர் மாதம் முன்கூட்டிச் சொல்லி வாங்குங்கள்.

பன்றிக்கறியைப் பற்றி ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கிறது, மூளையில் புழு வந்துவிடும் என்று. பாதி சரி, பாதி தவறு. அரைகுறையாக வெந்த பன்றிக்கறியில் நாடாப்புழுவின் லார்வா இருந்தால், அது குடலில் புழுவாக வளரும். மூளைக்குப் போவது வேறு வழி. அந்தப் புழுவின் முட்டை மனிதக் கழிவிலிருந்து தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி உண்டாகும். பன்றிக்கறியே தொடாதவருக்கும் அது வரும். ஆக இரண்டு காரியம்: பண்ணையில் வளர்த்த வெண்பன்றிக் கறியை மட்டும் வாங்குங்கள், உள்ளே சிவப்புத் தெரியாமல் வேகவையுங்கள். தெருவில் திரிந்ததை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

பறவைகளில் காடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கடைகளில் கிடைப்பது ஜப்பானியக் காடை, ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயாராகும் பண்ணைப் பறவை. காட்டுக் காடை, கௌதாரி என்று யாராவது கூண்டில் காட்டினால் நகர்ந்துவிடுங்கள், மானுக்குச் சொன்னதுதான் இதற்கும். உங்களுக்குப் பக்கத்தில் மாதவரம் பால்பண்ணையில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1989இல் தொடங்கியது. நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என்ற ரகங்கள் அவர்கள் உருவாக்கியவை. வான்கோழியை முழுசாகச் சுடுவதைவிட நம் ஊர்க் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும். கருங்கோழி, அதாவது கடக்நாத், மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. மெலனின் நிறமியால் அதன் கறியும் எலும்பும்கூடக் கருப்பு. இறகு மட்டும் கருப்பான சாதாரணக் கோழியை அந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள், நாக்கையும் கொண்டையையும் பார்த்து வாங்குங்கள். மருந்து மாதிரி விற்கிறார்கள், அதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். ருசிக்காக ஒரு முறை வாங்கலாம்.

பண்ணை முயலில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். முதல் முறை வாங்கியபோது ஆட்டுக்கறி மாதிரி நினைத்துக் குக்கரில் ஐந்து விசில் விட்டேன். திறந்தால் நார் நாராகக் கயிறு. முயலில் கொழுப்பே கிடையாது, அதனால் வேக்காடு கூடினால் வறண்டுவிடும். தயிரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்ப்பாலோ நல்லெண்ணெயோ தாராளமாக விட்டு, மூடி போட்டு மெதுவாக வேகவைத்தால் பஞ்சு மாதிரி வரும். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று கறிக்காகவே வளர்க்கும் இனங்கள் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் அரசு ஆராய்ச்சி நிலையங்களிலேயே இருக்கின்றன. பண்ணையின் பெயர் சொல்லத் தெரியாதவரிடம் முயல் வாங்காதீர்கள்.

ஒட்டகம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் ஒட்டகம் அறுக்கத் தடை விதித்தது. அதற்கேற்ற அறுப்புக்கூடம் இங்கே இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஈமு ஒரு காலத்தில் வந்தது, 2012இல் பெருந்துறைப் பக்கம் பண்ணை மோசடியில் ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்ததோடு போயிற்று. பறவை இனம் என்றாலும் கறி மாட்டுக்கறி போலச் சிவப்பு. நத்தை கிடைத்தால் குளத்து நத்தையா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைத் தொடவே வேண்டாம், மூளையைத் தாக்கும் எலிப்புழு அதில் இருக்கலாம். குளத்து நத்தையாக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். வடசென்னைக் கடை என்றாலே பூனை, காக்கா, நாய் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த சுமார் 2000 கிலோ கறியைப் பிடித்து நாய்க்கறி என்றார்கள். ஊரே கொந்தளித்தது. சில நாளில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: ஆட்டுக்கறி. ஆனால் அந்தச் சில நாளில் பிரியாணிக் கடை வைத்திருந்த எத்தனை குடும்பங்களுக்கு வியாபாரம் படுத்தது! அண்டாவைத் திறந்தால் ஆள் இல்லை. முடிவு வந்த செய்தியைப் பரப்பியவர்கள் குறைவு. நீங்கள் இந்தப் பக்கம் சாப்பிட வருகிறீர்கள், அதனால் சொல்கிறேன். யாராவது அப்படிப் பேசினால் இந்த முடிவைச் சொல்லுங்கள்.

சந்தேகம் வர வேண்டிய இடம் வேறு. அறுத்த ஆடா, செத்த ஆடா என்பதுதான் கேள்வி. தானாகச் செத்த பிராணியின் கறியால் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ் வரைக்கும் வரலாம். மாநகராட்சி அறுப்புக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்த ஆட்டின் உடலில் மையால் முத்திரை இருக்கும். தொங்கும் கறியில் அதைத் தேடுங்கள், கேட்டால் நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், திருப்பிக் காட்டுவார். ஒழுங்காக ரத்தம் வடியாத கறி கருத்து, ஈரம் கசிந்து இருக்கும். விரலால் அழுத்தினால் நல்ல கறி மேலெழும்பும், பள்ளம் அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள். யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்கள் ஈரல், சுவரொட்டி, மூளை இவற்றைக் குறைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஈரலை அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

எப்போது வருவது என்றால், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கூட்டத்தில் கடைக்காரருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. புதன் அல்லது வியாழன் காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் என்றால் அறுப்புக்கூடமும் கடைகளும் மூடியிருக்கும். புரட்டாசியில் கூட்டம் குறைவு. அந்த மாதத்தில் போனால் எது எந்த உறுப்பு, எதை எப்படி வெட்ட வேண்டும் என்று கட்டையில் வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். சுவரொட்டிக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். ரத்தத்துக்கு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.